கடைசி ஸீட் பொய் சொல்லாது!

போன ஆடி மாதம் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். அண்ணன், அண்ணி, அவர்களுடைய வாண்டுகள் இரண்டு, நான், என் மனைவி, அம்மா. ஆக மொத்தம் ஏழு டிக்கெட். அண்ணனிடம் இருப்பது ஐந்து பேர் உட்காரும் கார்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்டா" என்றான் அண்ணன். பண்ணிப் பார்த்தோம். ஒரு வாண்டு என் மடியில். இன்னொரு வாண்டு அந்த வாண்டின் மடியில். கதவு சாத்தவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நான் வரலைடா. முழங்கால் வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க. எனக்கும் சேர்த்து விபூதி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நாங்களும் நம்பினோம். சாயந்திரம் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினால், காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு படி. ஒரு 'அப்பாடா' கூட இல்லை.

வலி முழங்காலில் இல்லை ஸார், காரில்!

அன்று ராத்திரியே குடும்பக் கமிட்டி கூடி, ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. புது வண்டியின் விலையைப் போன் பண்ணிக் கேட்டோம். அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். ஆகவே ஸெகண்ட் ஹாண்ட்.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சல்லடை போட்டுச் சலித்தோம். நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் நேராகப் போய் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பு. கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூணு வரிசை வந்த கதை

எங்கள் தாத்தா காலத்தில் ஒரு அம்பாஸடரில் பதினோரு பேர் கல்யாணத்துக்குப் போனதாகச் சொல்வார்கள். அது வரிசைக் கணக்கு அல்ல, அடுக்குக் கணக்கு.

முறையாக வரிசை போட்டு உட்கார வைத்த வண்டிகளில், 1994-ல் வந்த டாடா சுமோவை நம்மூரில் மறக்க முடியாது. 2000-ல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. 2005-ல் அதை நிறுத்திவிட்டு அதே கம்பெனி இன்னோவாவைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் லாரி மாதிரி தனிச் சட்டம், அதாவது சேஸிஸ், அதன்மேல் பாடி என்று கட்டிய வண்டிகள். உழைப்பாளிகள்.

அடுத்து வந்தவை வேறு ஜாதி. 2011-ல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 500, 2012 ஏப்ரலில் மாருதி எர்டிகா. இவற்றில் சேஸிஸ் தனியாகக் கிடையாது, பாடியும் சட்டமும் ஒன்றே. சின்னக் காரை இழுத்து நீட்டி, பின்னால் இன்னொரு வரிசை போட்ட மாதிரி. ஓட்டக் கார் மாதிரியே இருக்கும். சந்தில் திரும்பும். முதலில் வந்த எர்டிகாவின் நீளம் 4,265 மில்லிமீட்டர்தான். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் பூக்கடை, நடுவில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும்போது இந்த மில்லிமீட்டர் கணக்கின் அருமை தெரியும்.

ஆனால் நீளத்தைக் குறைத்தால் எங்கோ இடிக்கத்தானே செய்யும்? மூன்று வரிசையையும் நிமிர்த்தி வைத்தால் பழைய எர்டிகாவில் டிக்கிக்கு மிஞ்சுவது 135 லிட்டர். ஏழு பேர் போகலாம். ஏழு பேரின் பெட்டி போக முடியாது.

இன்னொரு விஷயம். உற்பத்தி நின்றுபோன வண்டிகள் சில மலிவாகக் கிடைக்கும். செவர்லே கம்பெனி 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. அதனால் டவேராவும் எஞ்ஜாயும் இன்று சல்லிசு. ஹோண்டா மொபிலியோ, ரெனோ லாட்ஜி இவையும் இப்போது வருவதில்லை. வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், "இந்த வண்டிக்குப் பின் விளக்குக் கண்ணாடி எத்தனை நாளில் வரும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் முகத்திலேயே பதில் இருக்கும்.

எலுமிச்சம்பழத் தத்துவம்

பழைய காருக்கு நோபல் பரிசு கிடைத்தது தெரியுமோ? நான் படித்தது பி.காம். என்பதால் இது ஞாபகம் இருக்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. (எழுதுகிறவர்களுக்கு இது ஆறுதல்.) நாலாவது பத்திரிகை போட்டது. 2001-ல் இன்னும் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம்மூரில் புது வண்டியின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அமெரிக்காவில் ஓட்டை வண்டிக்கே 'லெமன்' என்று பெயர். அகெர்லாஃப் சொன்னது சுலபமான விஷயம். வண்டியின் வண்டவாளம் விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் பயந்துபோய் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவர், "இந்த விலைக்கு எதுக்கு விக்கணும்?" என்று உள்ளே நிறுத்திவிடுவார். கடைசியில் சந்தையில் எலுமிச்சம்பழமாகத்தான் நிற்கும்.

ஆக, நம் வேலை பேரம் பேசுவது அல்ல. விற்கிறவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும்படி செய்துகொள்வது.

விலை விஷயத்தில் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஒரு அட்டவணை உண்டு. ஒரு வருஷம் தாண்டி இரண்டு வருஷத்துக்குள் 20 சதவீதம் தேய்மானம், மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. ஐந்துக்கு மேல் போனால் இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்வது. ஐந்து வருஷத்தில் பாதி விலை என்று ஆசையாகக் கிளம்பினேன். ஏழு ஸீட் வண்டி வைத்திருப்பவர் யாரும் இந்த அட்டவணையைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் வண்டி: மீட்டர் குழந்தை

கரூர் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கார் கன்ஸல்டிங். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டியின் பெயரும் வேண்டாம். தப்பு வண்டி மேல் இல்லை.

வெள்ளை வெளேரென்று டீஸல் வண்டி, ஒன்பது வருஷம் ஆனது. மீட்டரில் 72,000 கிலோமீட்டர். ஸ்டியரிங்குக்குப் புது உறை, ஸீட்டுக்குப் புது உறை, டாஷ்போர்டில் பாலிஷ் வாசனை. அண்ணன் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டான். பாதி வண்டி வாங்கியாகிவிட்டது என்று அர்த்தம்.

நல்லவேளை, பாலக்கரையிலிருந்து எங்கள் மெக்கானிக் பாயைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் முன்பக்கம் போகவே இல்லை. நேராகப் பின் கதவைத் திறந்து, கடைசி ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சைடுல பிளாஸ்டிக்கைப் பாருங்க. பொட்டி இழுத்த கீறல். ஒண்ணு ரெண்டு இல்லை, நூறு. ஸீட்டு மடக்குற கொக்கி லொட லொடன்னு ஆடுது. பெல்ட்டு ஓரம் பிஞ்சு நூல் நூலா நிக்குது. சொந்த வண்டியில கடைசி ஸீட்டுக்குத்தான் வேலை கம்மி. வாடகை வண்டியில அதுக்குத்தான் வேலை ஜாஸ்தி."

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கூரையில் காரியர் கழற்றிய ஓட்டை அடைத்திருந்தது. நம்பர் பிளேட் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் எட்டிப் பார்த்தது. பிரேக் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று வழுக்கையாகியிருந்தது. வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டியின் பெடல் இப்படி ஆகாது. டி போர்டாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றின வண்டி அது. மீட்டரை யாரோ வாலிப வயோதிக அன்பர் மாதிரி இளமையாக்கியிருக்கிறார்கள்.

டி போர்டு வண்டி வாங்குவது குற்றமில்லை. முறையாக மாற்றி ஆர்.சி.யில் பதிந்திருந்தால் சட்டப்படி சரிதான். அதை ஓன் போர்டு விலைக்கு வாங்குவதுதான் குற்றம். அந்தந்தக் கம்பெனி ஸர்வீஸ் சென்டரில் ஸர்வீஸ் சரித்திரம் இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்று அதில் இருக்கும். விற்கிறவரையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு ஸார், நான் சொல்றேன்ல?" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது வண்டி: மூன்று வாசனை

தில்லை நகரில் ஒரு வீட்டு வாசலில் நின்றது இரண்டாவது வண்டி. சென்னை நம்பர். விலை நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு லட்சம் குறைவு. அண்ணி, "பெருமாள் கண் திறந்துட்டார்" என்றாள்.

கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை. நடு வரிசையில் சந்தன வாசனை. பின்னால் எலுமிச்சை வாசனை. ஒரு காருக்கு மூன்று வாசனை எதற்கு?

இந்தத் தடவை நானே கடைசி வரிசையில் ஏறினேன். பாய் சொல்லிக் கொடுத்தபடி ஸீட் பெல்ட்டை முழுசாக, அடி வரைக்கும் இழுத்தேன். முக்கால்வாசி பெல்ட் சுத்தம். உள்ளே சுருண்டிருந்த கடைசிப் பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. விரலால் சுரண்டினால் காய்ந்த மண். தரை விரிப்பைத் தூக்கினால் ஸீட் தண்டவாளத்தில் துரு. ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்திலும் துரு. வண்டி தண்ணீரில் குளித்திருக்கிறது ஸார்! ஸீட்டைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம். கடைசி வரிசை பெல்ட்டை உருளைக்குள்ளிருந்து உருவிக் கழுவ யாருக்குப் பொறுமை இருக்கிறது?

2015 டிசம்பரில் சென்னை முழுகியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி முழுகியது. அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம். நம் திருச்சியும் 2005 நவம்பரில் கோரையாறு, உய்யக்கொண்டான் தயவில் தண்ணீரில் நின்ற ஊர்தான். முழுகின வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போவதில்லை. சில, துடைத்து மினுக்கி வேறு ஊருக்கு வருகின்றன.

"ஓடுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். இன்றைய காரில் இன்ஜினைவிட ஒயர் ஜாஸ்தி. தண்ணீர் புகுந்த கனெக்டர்கள் உடனே கெடாது. உள்ளுக்குள் பச்சையாகப் பூத்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து ஒரு நாள் பவர் விண்டோ நிற்கும், ஒரு நாள் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், ஒரு நாள் வண்டியே நடுரோட்டில் படுக்கும். ஏர்பேக் நேரத்துக்கு வேலை செய்யுமா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒரு லட்சம் மிச்சம் பிடித்து அந்தச் சந்தேகத்தில் அம்மாவை உட்கார வைக்க முடியாது.

அண்ணியிடம், "பெருமாள் கண் திறந்தது நிஜம்தான் அண்ணி. பெல்ட்டைப் பார்க்கத்தான் திறந்தார்" என்றேன்.

மூன்றாவது வண்டி: பிரிக்காத பிளாஸ்டிக்

ஆறாவது ஞாயிறு. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு பெரியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 2014 மாடல் எர்டிகா, பெட்ரோல். டி.என். 48, அதாவது ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. நம்பரே. மீட்டர் 31,000.

நான் சந்தேகப் பிராணியாகிவிட்டேன். "மாமா, கடைசி ஸீட்டைப் பார்க்கலாமா?"

"தாராளமா பாருங்கோ. நானே அதைப் பார்த்ததில்லை."

திறந்தேன். கடைசி வரிசை ஸீட்டுகளில், ஷோரூமிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பழுத்துப்போய், தொட்டால் படபடவென்று சத்தம். ஒரு கீறல் இல்லை. பெல்ட்டை இழுத்தேன், புது ரிப்பன் மாதிரி வந்தது. பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார். "பசங்க ரெண்டு பேரும் அமெரிக்காவில. வந்தா எல்லாரும் ஒண்ணா திருப்பதி போகலாம்னு ஏழு ஸீட்டா வாங்கினேன். ஒருத்தன் வந்தா இன்னொருத்தனுக்கு லீவு கிடைக்கலை. நானும் ஆத்துக்காரியும் முன்னாடி ரெண்டு பேரா உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போயிண்டு வந்தோம். இப்போ அவளும் இல்லை."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அண்ணன் மீசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அவரே தொடர்ந்தார். "குறை எல்லாம் சொல்லிடறேன். வலது பக்க பின் கதவு, தூண்ல உரசினது. பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிருக்கு. பாட்டரி வீக். ஏ.சி. காஸ் போடணும்."

அகெர்லாஃப் இந்த மாமாவைப் பார்த்திருந்தால் கட்டுரையில் ஒரு பாரா மாற்றியிருப்பார்.

பாயின் பரீட்சை

மாமா நல்லவர் என்பதற்காக வண்டியைச் சோதிக்காமல் விடலாமா? நல்ல மனுஷனுக்கும் தன் வண்டியைப் பற்றித் தெரியாதது உண்டு. பாய் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் பானெட்டைத் தொட்டார். சில்லென்று இருந்தது. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து தயார் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் இன்ஜின் உண்மை பேசும்.

புகையைப் பார்த்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். டீஸல் வண்டியில் கனமான கறுப்புப் புகை வந்தால் டீஸல் சரியாக எரியவில்லை. இதில் ஒன்றும் இல்லை.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புஸ் புஸ்ஸென்று புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நாலாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். இன்ஜின் உடனே 'டக்'கென்று நின்றது. நின்றால் நல்லது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு போச்சு.

துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். வலது பின் கதவில் மட்டும் பிடிக்கவில்லை, மாமா சொன்ன இடம்தான். பானெட்டுக்குள் பக்கவாட்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை. சேஸிஸ் தனியாக இல்லாத இந்த ரக வண்டிகளில் இது முக்கியம். பெரிய அடி பட்டால் கதவை மாற்றலாம், முதுகெலும்பை மாற்ற முடியாது.

கடைசியில் டயர். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '2314' என்றிருந்தால் 2014-ம் வருஷம் இருபத்து மூன்றாம் வாரம்.

"பட்டன் தேயலை தம்பி. ஆனா உசிரு இல்லை. ரப்பர் கல்லாயிடுச்சு, ஓரத்துல வெடிப்பு பாருங்க. அஞ்சையும் மாத்தணும்" என்றார். மாமாவுக்கே இது தெரியவில்லை. குறைந்த கிலோமீட்டர் என்று துள்ளிக் குதிக்கிறவர்கள் கவனிக்க: ஓடாத வண்டிக்கும் வயசு ஆகிறது. டயர், பாட்டரி, ரப்பர் குழாய், பெல்ட்டு எல்லாம் நின்ற இடத்திலேயே கிழவனாகும்.

ரப்பர் குழாய்க்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. 2025-ல் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய பெட்ரோல் வண்டிகள் அதை உத்தேசித்துச் செய்தவை அல்ல. பெட்ரோல் லைனையும் ரப்பர் பாகங்களையும் ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிவிடுவது நல்லது.

டீஸல் வாங்கியிருக்கலாமே என்று ஆபீஸில் கேட்டார்கள். நாங்கள் வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பெரிய விஷயம். அதற்குப் பெட்ரோல் போதும். தினமும் நூறு கிலோமீட்டர் போகிறவருக்குத்தான் டீஸல் கணக்கு. இந்த எர்டிகாவின் பழைய 1.3 டீஸல் இன்ஜினை, 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி நிறுத்திவிட்டது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு பேரோடு சமயபுரம்

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஏழு ஸீட் வண்டியை இரண்டு பேர் ஏறி ஓட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். புடவைக் கடையில் கர்ச்சீப்பைப் பார்த்துவிட்டுப் புடவை வாங்குகிற மாதிரி.

மாமாவின் அனுமதியோடு ஏழு பேரும் ஏறினோம். திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாக சமயபுரம். அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னேன். அவளுக்காகத்தானே வண்டி!

ஏறுவதற்கே நடு வரிசையை முன்னால் தள்ளி, குனிந்து, வளைந்து... உட்கார்ந்த பிறகு முழங்கால் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தரை உயரம், ஸீட் தாழ்வு. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அண்ணன் முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்ட, பின்னால் அம்மா ஒரு அங்குலம் பறந்து இறங்கினாள். ஏ.சி. காற்று நடு வரிசைக்கு மேலே இருக்கிற துவாரத்தோடு சரி, பின்னால் வந்து சேரும்போது களைத்துவிடுகிறது. டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குடா" என்றாள். அதே முழங்கால் வலிக் குரல்.

ஆனால் இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. திரும்பும்போது அம்மாவை நடு வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஸீட்டைப் பின்னால் தள்ளினால் கால் நீட்டலாம். கொள்ளிடம் பாலத்தில் ஜன்னலை இறக்கச் சொன்னாள். அப்போதுதான் முடிவு செய்தோம், இதுதான் வண்டி.

ஏழு பேர் ஏறிய பிறகு கவனிக்க வேண்டியவை இவை. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? பள்ளத்தில் பின்பக்கம் 'டம்'மென்று அடிக்கிறதா? அடித்தால் பின் ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர் செலவு இருக்கிறது. மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் மூச்சு வாங்காமல் ஏறுகிறதா? டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் லோடு ஏற்றினால் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும், அதன்படி அடித்தீர்களா?

பேப்பர் பத்திரம்

மாமா கேட்டது ஐந்து லட்சம். டயர், பாட்டரி, ஏ.சி. காஸ், குழாய் என்று பாய் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நாற்பதாயிரம். மாமா அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "நியாயம்தான்" என்று கழித்துக்கொண்டார். பேரம் முடிய நாலு நிமிஷம்.

அதோடு சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் ஜாஸ்தி. பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாம் என்பார்கள். அதில்தான் வினை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கார் பல கை மாறிவிட்டது, ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. கடைசியாக வைத்திருந்தவரிடம் இருந்தபோது விபத்து. நஷ்ட ஈடு யார் பொறுப்பு? ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று தீர்ப்பானது. வண்டியை எப்போதோ விற்றவர் மாட்டிக்கொண்டார்.

ஆகவே விற்கிறவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பெயர் மாற்றம். படிவம் 29 விற்கிறவர் கொடுக்கும் தகவல், 14 நாளுக்குள். படிவம் 30 பெயர் மாற்ற மனு, வாங்குகிறவருக்கு 30 நாள். பாங்கு லோன் இருந்தால் படிவம் 35-ம் பாங்கின் தடையில்லாக் கடிதமும் வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும், இங்கே ஆயுள் வரியும் சேரும். புதுச்சேரி நம்பர் வண்டி மலிவு என்று பாய்கிறவர்கள் இந்த வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். 'நோ க்ளெய்ம் போனஸ்' மனுஷருக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. மாமாவின் போனஸ் மாமாவோடு போய்விடும். ஐம்பது சதவீதம் தள்ளுபடியில் அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து நாம் பட்ஜெட் போடக்கூடாது.

ஆர்.சி.யின் ஆயுள் 15 வருஷம். 2014 வண்டிக்கு 2029 வரை. அதன் பிறகு எஃப்.சி. எடுத்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் காருக்கு 600-லிருந்து 5,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். விலையை மிச்சமிருக்கிற வருஷத்தால் வகுத்துப் பாருங்கள். பழைய கார் விலையின் நிஜ முகம் அதுதான். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று செல்போனிலேயே வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். மாமாவுக்கு ஒன்று இருந்தது. ராங் பார்க்கிங். வெட்கப்பட்டுக்கொண்டே கட்டினார்.

சாவியைக் கொடுக்கும்போது பெரியவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். "கடைசி ஸீட்டுல யாராவது உட்கார்ந்துண்டே இருக்கட்டும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தெரு முனை திரும்புவதற்குள் வாண்டுகள் இரண்டும் அந்தப் பழைய பிளாஸ்டிக் உறையைப் பிய்த்து எறிந்துவிட்டன.

அடுத்த வாரமே குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். அண்ணன் டிரைவர். அண்ணி முன்னால். அம்மா நடுவில் ஜன்னலோரம் கால் நீட்டி, பக்கத்தில் வாண்டுகள். கடைசி வரிசையில் யார்? வண்டி வாங்குவதில் நிபுணர் நானாயிற்றே! நானும் மனைவியும்.

போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அம்மா சௌக்கியமாக இறங்கிப் போய்விட்டாள்.

முழங்கால் வலி இப்போது எனக்கு.